ஓமின் சொன்ன கை

மைராமின் கைகள் அவளைக் கேட்காமலே எழுந்துவிட்டன. அன்று நடந்த எல்லாவற்றிலும் அவளால் பொறுக்க முடியாதது அதுதான்.

புத்தகத் தேர்வுக்காக நடுவர்கள் கூடியிருந்த நூலகத்து மேஜையில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. பொரித்த மாவுத் துண்டுகள் விரிப்பு முழுக்கச் சிதறிக் கிடந்தன. முகாய் கிழவர் இரண்டு உள்ளங்கைகளையும் ஏந்தினார். சுற்றியிருந்த எல்லாருடைய உள்ளங்கைகளும் ஏந்தின. ஐம்பத்தெட்டு வருஷமாக ஏந்திய கை, மைராமுடையதும் ஏந்தியது. கிழவர் வழக்கம்போல உடம்பு, வீடு, ஆடு, குதிரை என்று வாழ்த்திக்கொண்டே வந்தார். அவள் பாதிக் கவனத்தோடு கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "ஏழு முன்னோர் புத்தகம் எல்லாப் பிள்ளைங்க கைக்கும் போய்ச் சேரட்டும், போற வழி வெள்ளையா இருக்கட்டும், ஓமின்!" என்று முடித்து அவர் உள்ளங்கைகளால் முகத்தை மேலிருந்து கீழாக வழித்தார்.

"ஓமின்!" என்றார்கள் எல்லாரும், அப்படியே ஆகட்டும் என்று. மைராமும் சொல்லி, முகத்தை வழித்து, கை தாடைக்கு வந்தபோதுதான் எதற்கு ஓமின் சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது.

எதிரே பண்பாட்டு அலுவலகத்துக் கபார் பேனாவைத் திறந்து, "ஒருமனதாக" என்று எழுதிக்கொண்டிருந்தான்.

"தம்பி, என்ன எழுதுற?"

"முடிவு, அக்கா."

"நாம இன்னும் பேசவே இல்லியே! புத்தகத்தையே யாரும் எடுத்து வைக்கல. சாப்பிட்டோம், அவ்வளவுதான்."

"பேசறதுக்கு என்ன இருக்கு?" கபார் நிமிரவில்லை. "பெரியவர் ஆசி குடுத்தாரு. நீங்களும் ஓமின் சொன்னீங்க. நான் பாத்தேன். ஒமோர் அண்ணனும் பாத்தாரு."

மூன்றாவது நடுவரான கணக்கு வாத்தியார் ஒமோர் இறைச்சி எலும்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "எனக்கு என்னம்மா தெரியும், நான் கண்ண மூடிட்டு இருந்தேன்" என்றார்.

"வாயத் தொறந்துட்டு இருந்தீங்க. அது எனக்குத் தெரிஞ்சுது" என்றாள் மைராம்.

அந்த ஊரில் ஓமின் சொல்லி முகத்தை வழித்துவிட்டால் பேச்சு அத்தோடு முடிந்தது. அதற்குமேல் வாயைத் திறப்பதும் ஆசி கொடுத்த பெரியவர் முகத்தில் துப்புவதும் ஒன்று. ஆசி எப்போதும் காரியம் முடிந்த பிறகு வரும். கபார் அதைக் காரியத்துக்கு முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டான். அவ்வளவு சின்ன வேலைதான் செய்தான்.

முகாய் கிழவர் தடியை ஊன்றி எழுந்து, "என்ன சத்தம்?" என்றார். அவருக்கு எண்பத்துநாலு வயது. இரண்டு கண்ணிலும் புரை.

"ஒண்ணுமில்ல பெரியவரே, அக்கா தேநீர் போதும்னாங்க" என்று கபார் அவர் தோளைப் பிடித்து வெளியே கூட்டிப்போனான்.

மைராம் மேஜையைத் துடைத்தாள். ஏற்கெனவே சுத்தமாக இருந்த இடத்தையும் துடைத்தாள்.

இலையுதிர் காலம் வந்தால் அந்த மலை மாநிலத்தில் குழந்தைகளுக்கான அறிவு நூல் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். கதை, பாட்டு கிடையாது. உலகத்தில் உள்ளதை உள்ளபடி சொல்கிற புத்தகம். தேர்வானது அச்சாகி, ஆடு மேய்க்கிற கடைசிக் கிராமத்துப் பள்ளிக்கூடம் வரைக்கும் போகும். அந்தப் பள்ளிக்கூடங்கள் பலவற்றுக்கு வருஷத்தில் வருகிற புதுப்புத்தகமே அது ஒன்றுதான். அதனால்தான் மைராம் பதினோரு வருஷமாக நடுவர் நாற்காலியை விடாமல் பிடித்திருந்தாள்.

அந்த வருஷம் பதினேழு வந்தன. மைராம் அவற்றைத் தான் படிக்குமுன் நூலகத்துக்கு வருகிற பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவாள். கூடவே ஒரு கத்தைத் துண்டுச்சீட்டு. படித்துக்கொண்டே வரும்போது, 'இது இவருக்கு எப்படித் தெரியும்?' என்று தோன்றினால் அந்தப் பக்கத்தில் ஒரு சீட்டைச் செருகவேண்டும். அடுத்த பக்கத்தில் பதில் இருந்தால் சீட்டை எடுத்துவிடலாம். எல்லாம் முடிந்து எத்தனை சீட்டு மிச்சம் என்று பார்ப்பாள். வேறு தராசு அவளிடம் இல்லை.

'ஏழு முன்னோர்' சீட்டுகளால் வீங்கிப்போய் வந்தது. படித்தது அக்மரால் என்ற பத்து வயதுப் பெண். "சீட்டு தீர்ந்துபோச்சு அக்கா, முப்பத்தாறாம் பக்கத்துக்கு மேல செருகல" என்று சொல்லிக் கொடுத்தாள். எழுதியவன் மெதெர், கபாரின் மனைவிக்குத் தம்பி. ஒவ்வொரு குலத்து முன்னோரும் வீரர். ஒவ்வொருவரும் அறுபது எதிரிகளை வெட்டியிருந்தார். ஒருவர் ஏழு வயதில் குதிரையோடு நாரின் என்ற அகலமான ஆற்றை ஒரே தாவாகத் தாண்டியிருந்தார். அவன் தன் செலவில் முன்னாலேயே அடித்த சில பிரதிகள்; பளபளவென்று தாள், பொன்னிறத்தில் எழுத்து.

மைராமுக்கு ஏழு முன்னோர் மேல் கோபம் இல்லை. அந்த ஊர் வழக்கப்படி அவளும் தன் ஏழு தலைமுறை முன்னோர் பெயரையும் அஞ்சு வயதில் ஒப்பித்தவள்தான். அந்த ஏழு பேரைப் பற்றி ஒருவன் உண்மையாகத் தேடி எழுதியிருந்தால் அவளே தலைமேல் வைத்துத் தெருவெல்லாம் சுற்றியிருப்பாள். இவன் தேடவில்லை. உட்கார்ந்த இடத்தில் அளந்துவிட்டிருந்தான். பிள்ளைகள்தானே, நம்பும் என்று.

இன்னொன்று அரூகேயின் புத்தகம். புத்தகம்கூட இல்லை, நாற்பத்தெட்டுப் பக்க நோட்டு. கணவாய்ச் சாலையில் பனி பார்க்கிற வேலை அவளுக்கு. அளவுக்கோலோடு சரிவுகளில் ஏறி இறங்கி, எங்கே பனி இறங்கி வரும் என்று சாலைக்காரர்களுக்குச் சொல்கிறவள். நோட்டில் படமெல்லாம் அவளே போட்டது. ஐந்தாம் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தாள்: "நான் இடுப்பளவுக்குக் குழி வெட்டினேன். மேலே இருந்த பனியைப் பிடித்தால் உருண்டையானது. அடியில் இருந்தது சீனிபோல உதிர்ந்தது, எவ்வளவு அழுத்தியும் ஒட்டவில்லை. ஒட்டாத ஒன்றின்மேல் இவ்வளவு கனம் உட்கார்ந்திருக்கிறது. நீயும் வீட்டுப் பின்னால் சமதரையில் வெட்டிப் பார். சரிவில் வெட்டாதே." அந்த நோட்டில் மிச்சமிருந்தது ஒரே ஒரு சீட்டு. அதற்கும் அரூகே, "இது எனக்கும் தெரியவில்லை, யாருக்குமே இன்னும் சரியாகத் தெரியாது" என்று பதில் எழுதி அனுப்பினாள். அன்றைக்கு மைராம் நூலகத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக ஒரு சுற்று ஆடினாள். நல்ல புத்தகம் கிடைத்தால் அவளுக்கு அப்படித்தான்.

போன பிப்ரவரியில், மேல்பள்ளத்தாக்கில் அண்ணனும் தங்கையும் பள்ளிக்கூடத்துக்குக் குறுக்கு வழியில் சரிவைக் கடந்தார்கள். முந்தின இரண்டு நாளும் காற்றோடு பனி கொட்டியிருந்தது. கடக்கக்கூடாது என்பது அவர்களுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை, எந்தப் புத்தகத்திலும் இல்லை. சரிவுப் பனி அவர்கள்மேல் இறங்கியது. இரண்டு பைகளும் பனி உருகிய மே மாதம் கிடைத்தன.

நவம்பரில் மறுபடி பனி விழும். அதற்குள் அந்த நோட்டு அச்சாகிப் பள்ளிகளுக்குப் போகவேண்டும். மைராமுக்கு வேண்டியிருந்தது அந்த ஒன்றுதான். அதைத்தான் அவள் கையே கெடுத்தது. வழி வெள்ளையாக இருக்கட்டுமாம்! அந்த ஊரில் நல்ல வழியை வெள்ளை வழி என்பார்கள்; அவளுக்கு அதில் பனிதான் தெரிந்தது.

மறுநாள் காலையிலேயே 'ஏழு முன்னோரை' அக்குளில் இடுக்கிக்கொண்டு முகாய் கிழவர் வீட்டுக்குப் போனாள். அவர் முற்றத்தில் வெயிலில் உட்கார்ந்து குதிரைச் சேணத்து வாரைத் தடவித் தடவி எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"யாரு?"

"நூலகத்து மைராம். பெரியவரே, நேத்து எதுக்கு ஆசி குடுத்தீங்கன்னு தெரியுமா?"

"புத்தகத்துக்கு."

"படிச்சுக் காட்டச் சொன்னீங்களா?"

"ஏம்மா, ஆட்டுக்குட்டிக்கு ஆசி குடுக்கறப்போ அதக் கறி வச்சுத் தின்னு பாத்துட்டா குடுக்கறேன்?" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. "கபார் வந்தான். முன்னோர் புத்தகம்னான். முன்னோர்னா நல்லதுதானே."

"உங்க தாத்தாவப் பத்தியும் இருக்கு. கேக்கறீங்களா?"

வாரை மடியில் வைத்தார். மைராம் முப்பத்தோராம் பக்கத்தைப் படித்தாள். கோஜோஷ் மாவீரர் வெள்ளைக் குதிரைமேல் ஏறி, தனியொருவராக அறுபது பேரை எதிர்த்து, நெஞ்சில் ஈட்டி பாய்ந்தும் கொடியைக் கீழே விடாமல் உயிர்விட்டார் என்று இருந்தது.

கிழவர் வாரை மறுபடி கையில் எடுத்து ஒருமுறை தடவினார். பிறகு மெதுவாக, "அவரு குதிரை திருடினாரு" என்றார். "சிறையில காய்ச்சல் வந்து செத்தாரு. எங்க அப்பாவுக்கு அப்போ நாலு வயசு. திருடன் மகன், திருடன் மகன்னு ஊரே கூப்பிட்டுச்சாம். சாகற வரைக்கும் அப்பா அந்த வார்த்தைய மறக்கல."

மைராம் அவர் பக்கம் குனிந்தாள். "அப்போ இது பொய்தானே! நீங்க சொன்னா கபார் வாயத் தொறக்க மாட்டான். இந்த ஆசியத் திரும்ப எடுத்துக்கோங்க பெரியவரே."

"இன்னொரு தரம் படி."

"என்னது?"

"அந்தக் கொடிய விடாத இடம். இன்னொரு தரம் படிம்மா."

அவள் அவரைப் பார்த்தாள். புரை மூடிய கண்கள் ஈரமாக இருந்தன. பொய் என்று தெரிந்தும் கிழவருக்கு அது வேண்டியிருந்தது. எண்பது வருஷமாக யாரும் கொடுக்காததைக் கபாரின் மைத்துனன் ஒரு பக்கத்தில் கொடுத்துவிட்டான்.

"இது பிள்ளைங்களுக்குப் போற புத்தகம்" என்றாள், குரலை உயர்த்தி. "உங்களுக்கு ஆறுதல் வேணும்னா நான் தினம் வந்து உக்காந்து படிக்கறேன். அதுக்காக அறுபது ஊர் பிள்ளைங்க எதுவும் தெரியாம பனியில நடக்கணுமா?"

"என்கிட்ட ஏம்மா கத்துற?" கிழவருக்கும் கோபம் வந்துவிட்டது. "குடுத்த ஆசிய நான் திரும்ப வாங்கினா நாளைக்கு எவன் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடுவான்? உன் கைய நானா புடிச்சுத் தூக்கினேன்? நீயாத்தானே தூக்கினே?"

மைராம் புத்தகத்தை அக்குளில் செருகிக்கொண்டாள். வாசல் கதவை அடித்துச் சாத்திவிட்டு வந்தாள். வழியெல்லாம் தன் வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள், அது வேறு யாருடையதோ மாதிரி.

ஒன்பது நாள் கழித்துப் பண்பாட்டு மன்றத்தில் விழா. அறுபது ஊரிலிருந்தும் ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். நூலகத்துப் பிள்ளைகள் முன்வரிசையில். மேடையில் சிவப்புக் கம்பளம், நரம்பு வாத்தியக்காரர்கள் இரண்டு பேர், பொன்னெழுத்துப் பலகை. மெதெர் உயரமான வெள்ளைத் தொப்பியோடு மணமகன் மாதிரி உட்கார்ந்திருந்தான். அரூகேக்கு நன்றிச் சான்றிதழ் ஒன்று தருவதாகச் சொல்லி வரவழைத்திருந்தார்கள். பால் வண்டியில் கணவாயிலிருந்து இறங்கி வந்தவள், சேறு காயாத பூட்ஸோடு கடைசி வரிசையில் நின்றாள். நோட்டு அவள் மார்போடு இருந்தது.

மைராமை நடுவர் என்று மேடையில் உட்காரவைத்தார்கள். கபார் குனிந்து காதில், "சிரிங்க அக்கா, படம் எடுக்கறாங்க" என்றான்.

"பல்லு வலி" என்றாள்.

முகாய் கிழவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். மன்றம் முழுவதும் எழுந்தது. கிழவர் கைகளை ஏந்தினார், முந்நூறு ஜோடிக் கைகள் ஏந்தின. மைராம் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின்மேல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் நிற்கிற இடத்தில் ஒருத்தி உட்கார்ந்திருந்தால் எப்படித் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். அவள் விரல்கள் எழத் துடித்தன. அவள் இன்னும் கனமாக உட்கார்ந்தாள்.

"ஓமின்!"

முந்நூறு ஜோடிக் கைகள் முந்நூறு முகங்களை வழித்தன. மைராம் மட்டும் உட்கார்ந்தே இருந்தாள். முதலில் கவனித்தது வாத்தியக்காரன். அடுத்து முன்வரிசை. அடுத்து எல்லாரும்.

"அக்காவுக்கு உடம்பு சரியில்ல போல" என்றான் கபார் ஒலிபெருக்கியில், தேன் தடவின குரலில்.

"உடம்பு நல்லாத்தான் இருக்கு." மைராம் எழுந்தாள். ஒலிபெருக்கி இல்லாமலே அவள் குரல் கடைசி வரிசைக்குக் கேட்டது. "நூலகத்துல வச்சு இந்தப் புத்தகத்துக்கு நான் ஓமின் சொன்னேன். மாவுத்துண்டத் தின்னுக்கிட்டே, என்னன்னு யோசிக்காம சொன்னேன். பிள்ளைங்களப் பாத்துச் சொல்றேன், அது என் தப்பு. இன்னைக்குச் சொல்ல மாட்டேன். இது அறிவு நூல் இல்ல. பொய்."

"முன்னோரப் பொய்ங்கறா!" என்று யாரோ கத்தினார்கள். "உக்காரும்மா!" "இவ ஏழு பேரும் யாருன்னு கேளுங்கடா!"

"கேளு, சொல்றேன். ஏழு பேரும் ஆடு மேச்சாங்க. ஒருத்தர்கூட ஆத்தத் தாண்டல." புத்தகத்தைத் திறந்தாள். "மெதெர், நீயே சொல்லு. பன்னெண்டாம் பக்கம். ஏழு வயசுப் பையன் குதிரையோட நாரின் ஆத்தத் தாண்டினான்னு எழுதியிருக்க. கரைக்குக் கரை எத்தனை அடின்னு இங்க இருக்கற குழந்தைக்குக்கூடத் தெரியும்."

முன்வரிசையிலிருந்து அக்மரால் எழுந்து, பள்ளிக்கூடத்தில் கேட்கிற மாதிரி கையைத் தூக்கி, மெதெரைப் பார்த்து, "எப்படித் தெரியும்?" என்றாள்.

பழக்கம்தான். கூட இருந்த பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். "எப்படித் தெரியும்? எப்படித் தெரியும்?"

மெதெர் தொப்பியைச் சரிசெய்தான். "அதெல்லாம்... என் ரத்தத்துக்குத் தெரியும்" என்றான்.

பின்வரிசையில் ஆசிரியர்கள் குபீரென்று சிரித்துவிட்டார்கள். கபாரின் கழுத்து சிவந்தது.

மைராம் பக்கத்தைப் புரட்டினாள். முப்பத்தொன்று வந்தது. ஒரே ஒரு கேள்வி. கோஜோஷ் எப்படிச் செத்தார் என்று இந்தக் கிழவரிடம் எல்லார் முன்னாலும் கேட்டால் போதும், புத்தகம் இங்கேயே செத்துவிடும். அவள் நாக்கு நுனிவரை அது வந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தாள். முகாய் கிழவர் தடியின்மேல் இரண்டு கையையும் வைத்து, காதை அவள் பக்கம் திருப்பி, பக்கத்திலிருந்தவனிடம் தாழ்ந்த குரலில், "எந்தப் பக்கம்? எந்தப் பக்கம் எடுத்திருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் கோபம் கொஞ்சமும் குறையவில்லை. ஆனாலும் அவள் அந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டாள். அந்த முற்றத்தில் கேட்டதை இந்த மன்றத்தில் கொட்ட அவளால் முடியவில்லை. புத்தகத்தை மூடி மேஜைமேல் போட்டாள்.

"போதுமா அக்கா?" கபார் ஒலிபெருக்கியைக் கையால் மூடிக்கொண்டு பல்லைக் கடித்தான். "ஆத்திரத்தக் கொட்டியாச்சு. புத்தகம் அச்சுக்குப் போயாச்சு, கேட்டுக்கோங்க. இத்தோட நீங்க நடுவரும் இல்ல. பெரியவர் ஆசிக்கு மேல உங்க கை பெருசா?"

"பெருசில்ல. ஆனா என்னுது."

"அந்த அரூகேக்குச் சான்றிதழும் கிடையாது" என்றான், வேறு என்ன பறிப்பது என்று தெரியாமல்.

"அதுல அவ தேநீர்க் கோப்பை கூட வைக்க மாட்டா" என்று சொல்லிவிட்டு மைராம் மேடைப்படியில் இறங்கினாள். தோற்றுவிட்டோம் என்று தெரிந்தது. நவம்பரில் அறுபது ஊருக்கும் பொன்னெழுத்துப் போகும், பனி தன்பாட்டுக்கு விழும். நடைபாதையில் சிலர் முழங்காலை ஒதுக்கிக்கொண்டார்கள், அவள் பட்டுவிடக்கூடாது என்பதுபோல. ஒமோர் வாத்தியார் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடையில் வாத்தியம் வாசிக்கத் தொடங்கினார்கள், சத்தத்தை மூடுவதற்கு.

கடைசி வரிசையில் அரூகேயின் முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். தலையில் கறுப்புத் துணி, மேல்பள்ளத்தாக்குப் பள்ளிக்கூடத்தின் ஒரே ஆசிரியை. பிப்ரவரியில் வருகைப் பதிவேட்டில் இரண்டு பெயரை அடித்தவள். மைராம் வருவதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"சரிவைக் கடக்கறதப் பத்தி எழுதியிருக்கியாமே" என்று அரூகேயிடம் கேட்டாள். "நூலகத்துப் பையன் ஒருத்தன் சொன்னான். எந்தப் பக்கம்?"

"இருபத்திரண்டுலேர்ந்து இருபத்தொன்பது வரைக்கும், டீச்சர்."

"எப்படித் தெரியும் உனக்கு?"

"ரெண்டு தரம் நானே மாட்டினேன்" என்றாள் அரூகே. "அதையும் எழுதியிருக்கேன்."

ஆசிரியை கைபேசியை எடுத்தாள். "முதல் பக்கத்துலேர்ந்து காட்டு."

அவள் மூன்றாம் பக்கத்தைப் படமெடுக்கும்போது பின்னால் இன்னொருத்தர் வந்து நின்றார், உப்புக்கிணற்றுப் பள்ளி ஆசிரியர். அவர் பின்னால் வேறு இரண்டு பேர். மேடையில் மெதெர் கையெழுத்துப் போட உட்கார்ந்தான். அங்கேயும் வரிசை நின்றது, அது நீளமான வரிசைதான். இங்கே பதினாறு பதினேழு பேர் இருப்பார்கள். அறுபது ஊரில் பதினேழு. மைராம் எண்ணினாள், எண்ணி இன்னும் கோபப்பட்டாள். மிச்ச நாற்பத்துமூன்று ஊரிலும் பனி விழாதா என்ன?

"கையில புடிச்சா ஆடும். குடு" என்று நோட்டை அரூகேயிடமிருந்து வாங்கி ஜன்னல் விளிம்பில் வெளிச்சத்தில் விரித்து, இரண்டு கையாலும் ஓரத்தை அழுத்திப் பிடித்தாள்.

"அக்கா, கொஞ்சம் சீக்கிரம் திருப்புங்க, எங்க ஊர் பஸ் போயிடும்" என்றார் உப்புக்கிணற்றுக்காரர்.

"பஸ்ஸ நிக்கச் சொல்லுங்க!" மைராம் வெடித்தாள். "அஞ்சாம் பக்கத்துல உங்க கட்டைவிரல்தான் விழுந்திருக்கு, பனி எங்க தெரியுது? அழிங்க. மறுபடி எடுங்க."

அவர் மறுபடி எடுத்தார்.